இறந்தவர் சாட்சியமும் பழைய பேப்பர் கடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல்வாதிகள் எழுதும் தன்வரலாறுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரு வாரங்களுக்கு முன் வெளியான கட்டுரையைப் படித்தேன். பதவியில் இருந்தவர் எவரும் தம்மைப் பற்றி உண்மையை எழுதியதில்லை என்றும், அவையெல்லாம் தற்புகழ்ச்சியே என்றும், நூலகங்களில் அவற்றுக்கு அலமாரி ஒதுக்குவதே வீண் என்றும் கட்டுரையாளர் முடித்திருந்தார். சேலம் நீதிமன்றங்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடிவிட்டு இப்போது ஏற்காட்டில் ஓய்வில் இருக்கும் எனக்கு, சாட்சியைக் கூண்டில் ஏற்றாமலே அவரைப் பொய்யர் என்று தீர்ப்பெழுதியது போல அது தோன்றியது. அதனால்தான் இக்கடிதம். சற்று நீண்டுவிடும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு காப்பித் தோட்டத்துப் பழைய பங்களாவைக் காலி செய்தபோது, அங்கிருந்த புத்தகங்கள் சாக்கு மூட்டைகளில் மலையிறங்கிச் சேலத்துக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். லாரி புறப்படுமுன் போய் நான் பிரித்தெடுத்தவற்றுள் ஒன்று, ஜார்ஜ் ஃபிரிஸ்பி ஹோர் என்ற அமெரிக்க செனட்டர் தம் எழுபது ஆண்டு வாழ்க்கையைப் பற்றி எழுதி 1903இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த நூல். தலைப்பக்கத்தில் மாசச்சூசெட்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும், அம்மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறதே என்ற எண்ணத்தில்தான் அதைக் கையில் எடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சேலத்துக் கப்பல்கள் ஒரு காலத்தில் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்து சரக்கேற்றிச் சென்றவை. ஹோர் வழக்காடிய ஊர் அது அன்று. வூஸ்டர் என்ற வேறோர் ஊர். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தால் வொர்செஸ்டர் என்றுதான் வரும், ஆனால் ஊரார் சொல்வது வூஸ்டர். ஏற்காட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவைத்தவர்கள் செய்த கோலத்தை நாள்தோறும் பெயர்ப்பலகைகளில் பார்க்கும் எங்களுக்கு இது புதிதன்று.

ஹோர் 1826இல் கான்கார்டில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் ரோஜர் ஷெர்மன், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலும் அரசமைப்புச் சட்டத்திலும் கையெழுத்திட்டவர். தந்தை சாமுவேல் ஹோரும் வழக்கறிஞரே. மாசச்சூசெட்ஸ் கப்பல்களில் வேலை செய்த கறுப்பின மாலுமிகள் தென் கரோலினாத் துறைமுகத்தில் கால் வைத்ததும், கப்பல் திரும்பும்வரை அவர்களைச் சிறையில் அடைத்துவைக்க அங்கே ஒரு சட்டம் இருந்தது. அதை நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்காக 1844இல் தம் மாநிலத்தின் சார்பில் சார்ல்ஸ்டன் சென்ற அந்த அறுபத்தாறு வயது மனிதரை, வழக்குத் தொடுக்கவே விடாமல் மகளோடு ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். இளைய மகனான ஜார்ஜுக்கு அப்போது வயது 18. பின்னர் அவர் 1869 முதல் 1877 வரை பிரதிநிதிகள் சபையிலும், அதன்பின் 1904இல் இறக்கும்வரை செனட்டிலும் இருந்தார். குடியரசுக் கட்சியைவிட்டு ஒருநாளும் விலகாதவர். இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அவருடைய நூலைப் படிக்க வேண்டும்.

இனி, எங்கள் தொழிலின் வழக்கத்துக்கு வருகிறேன். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 32ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 26ஆம் பிரிவு. இறந்துபோனவரைக் கூண்டில் ஏற்றவோ குறுக்கு விசாரணை செய்யவோ முடியாது என்றாலும், அவர் முன்பு சொன்னதையும் எழுதியதையும் சில சூழ்நிலைகளில் நீதிமன்றம் ஏற்கலாம் என்பது அதன் சாரம். மரண வாக்குமூலம் எல்லோரும் அறிந்தது. அதே பிரிவில், தம் பணத்துக்கோ சொத்துக்கோ பாதகமாக ஒருவர் சொல்லிவைத்ததும் ஏற்கத்தக்கது என்றிருக்கிறது, ஏனெனில் தமக்குக் கேடு தரும் பொய்யை யாரும் வலிந்து சொல்வதில்லை. சட்டத்தின் சொற்கள் பொருள் நலனையும், குற்ற வழக்குக்கோ இழப்பீட்டு வழக்குக்கோ ஆளாக்கும் பேச்சையும் மட்டுமே குறிப்பவை. பெயருக்கும் புகழுக்கும் நான் அவற்றைச் சற்று இழுத்துப் பொருத்துகிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இருந்தால் உடனே எழுந்து ஆட்சேபித்திருப்பார். ஆனாலும் இறந்துபோன அரசியல்வாதியின் நூலைப் படிக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த அளவுகோலுக்கு முதலில் நிற்பது குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 1880 ஜூனில் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாடு. முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்டை மூன்றாம் முறையாக நிறுத்த ஒரு பிரிவு. பிளெய்னுக்காக ஒரு பிரிவு. ஜான் ஷெர்மனுக்காக ஒரு பிரிவு. ஷெர்மனின் பெயரை முன்மொழிந்து அவருக்காகப் பாடுபட்டவர் கார்ஃபீல்டு. மாநாட்டுத் தலைவர் ஹோர். வாக்கெடுப்பு முடிவின்றி நீண்டுகொண்டே போயிற்று, கிராண்டின் முந்நூறு சொச்சம் பேர் அசையவில்லை, மற்றவர்களும் ஒன்றுசேரவில்லை. 34ஆம் சுற்றில் விஸ்கான்சின் பிரதிநிதிகள் 16 வாக்குகளைக் கேட்காமலேயே கார்ஃபீல்டுக்குப் போட்டார்கள். ஷெர்மனுக்கு வாக்குக் கொடுத்திருந்த கார்ஃபீல்டு பதறியெழுந்து, தம் ஒப்புதல் இல்லாமல் தம் பெயருக்கு வாக்களிக்க எவருக்கும் உரிமையில்லை என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். அவர் பேச்சை முடிக்குமுன்பே தலைவர், அது ஒழுங்குப் பிரச்சினை ஆகாது என்று சொல்லி உட்காரவைத்துவிட்டார். 36ஆம் சுற்றில் கார்ஃபீல்டே வேட்பாளரானார்.

விதிகளின்படி பார்த்தால் ஹோரின் தீர்ப்பு சரியானதே என்று வாதாட இடமுண்டு. அவரும் அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால், கார்ஃபீல்டு மேலும் ஒரு வாக்கியம் பேசினால் அவர் வேட்பாளர் ஆவதற்கான வழியே அடைபட்டுப் போகும் என்ற அச்சத்தினால்தான் அவ்வளவு விரைவாக அவர் வாயை அடைத்ததாக ஹோரே எழுதியிருக்கிறார். நடுநிலையில் அமர்ந்திருக்க வேண்டிய தலைவர், தம் மனத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு தீர்ப்பளித்ததாகத் தம் கைப்பட எழுதித்தரும் ஒப்புதல் இது. மாமன்றக் கூட்டம் முதல் கூட்டுறவுச் சங்கப் பொதுக்குழு வரை மேடைத் தலைவர்கள் மணியை எதற்காக அடிக்கிறார்கள் என்பதை வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறோம். அடித்தவர் காரணத்தை எழுதிவைத்து நான் படித்தது இந்த ஒரு நூலில்தான்.

அந்த மணியோசையின் விளைவும் நீண்டது. கார்ஃபீல்டு பதவியேற்ற நான்கு மாதங்களில், 1881 ஜூலை 2ஆம் நாள் சுடப்பட்டார். செப்டம்பர் 19இல் இறந்தார். துணைத் தலைவர் ஆர்தர் அப்பதவிக்கு வந்தபோது, அவருக்கும் ஏதேனும் நேர்ந்தால் அடுத்து வரவேண்டிய செனட்டின் தற்காலிகத் தலைவரும் இல்லை, சபாநாயகரும் இல்லை; புதிய பிரதிநிதிகள் சபை அதுவரை கூடியிருக்கவில்லை. இந்தப் பள்ளத்தை மூட, அமைச்சர்கள் வரிசையாகப் பொறுப்பேற்கும்படி 1886இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் ஹோர் கொண்டுவந்தது. 1947 வரை அதுதான் நடைமுறையில் இருந்தது.

இரண்டாவதாக நான் குறிப்பிட விரும்பும் நிகழ்ச்சி அவருடைய 28ஆம் வயதில் நடந்தது. 1850இல் இயற்றப்பட்ட தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் படித்துப் பார்க்கும் எந்த வழக்கறிஞரும் ஒரு நிமிடம் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணை கிடையாது. முடிவு செய்யும் ஆணையருக்கு, அவரை அடிமை என்று திருப்பியனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். 1854 மே மாதம் ஆண்டனி பர்ன்ஸ் என்பவரைப் பாஸ்டனில் இந்தச் சட்டத்தின்படிப் பிடித்து, ஜூனில் திருப்பியனுப்பியபோது மாநிலமே கொதித்தது. பர்ன்ஸைக் கைது செய்த ஏசா பட்மன் என்ற காவலர், அதே ஆண்டு அக்டோபரில் வூஸ்டருக்கு வந்து விடுதியில் தங்கினார். அடுத்த ஆளைப் பிடிக்க வந்திருக்கிறான் என்று ஊர் திரண்டது. இரவில் அவர் கைத்துப்பாக்கியோடு வெளியே வர, அதற்காகவே ஒரு வழக்கும் போட்டு மறுநாள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே கூட்டம் அவரைக் கிழித்துப் போடக் காத்திருந்தது.

ஹோர் அடிமைமுறையை முழுமூச்சாய் எதிர்த்தவர். அந்தச் சட்டத்தையும் அந்த மனிதரையும் வெறுத்தவர். அவர்தான் கூட்டத்தின் முன் நின்று பேசி, பட்மனை ரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்லக் கூடவே நடந்தார். வழியெல்லாம் அடியும் முட்டையும் கல்லும். உடன் வந்து காத்தவர்களில் ஒருவர் தாமஸ் வென்ட்வர்த் ஹிக்கின்சன். பர்ன்ஸை விடுவிக்க அதே ஆண்டு பாஸ்டன் நீதிமன்றக் கதவை உடைத்து நுழைந்த கூட்டத்தில் முன்னின்றவர். பட்மன் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தார், திரும்பி வரவில்லை. இந்தக் கதை ஹோருக்குப் பெருமை தருவதுதானே, தமக்குப் பாதகமான வாக்குமூலம் எப்படி ஆகும் என்று கட்டுரையாளர் கேட்கலாம். அன்றைய வூஸ்டரில் அது பெருமை தரும் காரியமாக இருந்திருக்காது. பிடிகாரனுக்குத் துணை போனவர் என்ற பேச்சு, அரசியலில் கால் ஊன்றத் தொடங்கியிருந்த ஓர் இளம் வழக்கறிஞருக்கு எவ்வளவு செலவு வைத்திருக்கும் என்பதைச் செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாபேட்டையிலோ ஒரே ஒரு வார்டுத் தேர்தலில் நின்றவரும் சொல்லிவிடுவார்.

சாட்சி எல்லா இடத்திலும் இப்படி நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1876 குடியரசுத் தலைவர் தேர்தலில், மாநிலங்களின் தேர்வாளர் வாக்குகளில் ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184, குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கு 165, தகராறில் 20. ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மாநிலங்களின் வாக்குகளும் ஆரிகனின் ஒரு வாக்கும் அவை. இதைத் தீர்க்க 1877 ஜனவரியில் 15 பேர் கொண்ட ஆணையம் ஒன்று அமைந்தது: செனட்டர்கள் ஐவர், சபை உறுப்பினர்கள் ஐவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர். ஆணையத்தை அமைத்த சட்டத்தை வகுத்த குழுவிலும் ஹோர் இருந்தார், ஆணையத்திலும் இருந்தார். முக்கியமான கேள்விகளில் 8க்கு 7 என்ற கணக்கில், கட்சிக் கோடு பிசகாமல், 20 வாக்குகளும் ஹேய்ஸுக்கே போயின. 185க்கு 184. ஹோர் தம் வாக்கைச் சட்டப்படி நியாயப்படுத்துகிறார்: மாநிலம் முறைப்படிச் சான்றளித்து அனுப்பிய வாக்குகளின் பின்புறம் போய் விசாரிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்பது வாதம். வாதம் வலுவானதே. ஆனால் நடுவர் பதினைந்து பேரும் அவரவர் கட்சிக்குச் சாதகமான சட்டத்தையே சரியான சட்டமாகக் கண்டார்கள் என்பது எந்த நீதிமன்றத்திலும் புருவம் உயர்த்த வைக்கும். இந்த இடத்தில் ஹோர் வழக்கில் நலன் உள்ள சாட்சி. அவர் சொல்வதற்குத் துணைச் சான்று கேட்க வேண்டும். ஹேய்ஸ் பதவிக்கு வந்ததும் தென்மாநிலத் தலைமைச் செயலகங்களைக் காத்திருந்த மத்தியப் படைகள் விலக்கப்பட்டன, கறுப்பின வாக்காளர்களுக்கு இருந்த காவலும் அதோடு போயிற்று. 1890இல் அந்த வாக்குரிமையைக் காக்க வந்த கூட்டாட்சித் தேர்தல் மசோதாவைச் செனட்டில் நடத்திச் சென்று தோற்றவரும் ஹோரே. ஒரே மனிதர் 1877இல் திறந்துவிட்டதை 1890இல் அடைக்கப் பார்த்தார் என்று நான் சொல்வேன். அவர் அப்படி எழுதவில்லை.

1890 ஜூலை 2ஆம் நாள் கையெழுத்தான ஷெர்மன் சட்டத்தைப் பற்றியும் இதே எச்சரிக்கை வேண்டும். வணிகக் கூட்டுக்கொள்ளையைத் தடுக்கும் அச்சட்டத்துக்கு ஜான் ஷெர்மனின் பெயர் இருந்தாலும், எழுதியது தாமே என்று ஹோர் உரிமை கொண்டாடுகிறார். குழுவின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்களோ எட்மண்ட்ஸ் என்ற மற்றொரு செனட்டருக்கே பெரும்பங்கு தருகிறார்கள். ஹோர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. வரைவு எழுதும் குழுவில் அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும், முடிவில் நின்ற வாக்கியம் தம்முடையது என்றே நினைவிருக்கும். எங்கள் சங்கத்தின் ஒரு தீர்மானத்தைப் பற்றி மூன்று பேர் இன்றும் அவ்வாறு சொல்லிக்கொண்டிருக்கிறோம்; நானும் அவர்களில் ஒருவன்.

கட்சிக்காக 1877இல் அப்படி வாக்களித்தவர், எழுபது வயதைக் கடந்தபின் கட்சியை எதிர்த்து நின்ற பகுதிதான் நூலில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது. ஸ்பெயினோடு நடந்த போருக்குப் பின் பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்காவோடு சேர்க்கும் உடன்படிக்கை 1899 பிப்ரவரி 6இல் செனட்டில் 57க்கு 27 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர்கள் ஹோரும் மெய்ன் மாநிலத்து ஹேலும் மட்டுமே. ஆளப்படுகிறவர்களின் இசைவிலிருந்தே அரசுக்கு அதிகாரம் வருகிறது என்று பாட்டனார் கையெழுத்திட்ட காகிதத்தையே அவர் எதிர்வாதமாக வைத்தார். இதே சண்டையின் நடுவில் குடியரசுத் தலைவர் மெக்கின்லி தம் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன நேர்ந்தாலும் தம் அன்பு மாறாது என்று கண்கலங்கச் சொன்னதாக ஹோர் எழுதுகிறார். எதிர்த்தவரைத் துரோகி என்று எழுதுவதையே வழக்கமாகக் காணும் கண்களுக்கு அந்தப் பக்கம் விநோதமாக இருந்தது. சீனர்கள் குடியேறுவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர், 1902இல் அத்தடையை நீட்டித்தபோது செனட்டில் தனியொருவராக எதிர்த்து வாக்களித்தார். தம் மாநிலத்தில் பெரும்பாலோர் தம்மோடு இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை; அப்படியிருந்தும் 1901இல் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றம் அவரையே மீண்டும் அனுப்பியது. செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்த காலம் அது.

நீதிமன்றங்களைப் பற்றிய அத்தியாயங்களை இளம் வழக்கறிஞர்கள் படித்தால் போதும், நான் விரிக்க வேண்டியதில்லை. ரூஃபஸ் சோட் என்பவரைப் பற்றி மட்டும் ஒரு சொல். மாசச்சூசெட்ஸின் அந்தச் சேலத்தில் தொழில் செய்து பாஸ்டனுக்குப் போனவர். கொலை வழக்கில் சிக்கிய டிரெல் என்பவர் தூக்கத்தில் நடந்து செய்திருக்கலாம் என்று 1846இல் வாதாடி விடுதலை வாங்கித் தந்தவர். அவர் கையெழுத்தை ஊரில் ஒருவராலும் படிக்க முடியாது என்பது பெயர்போன சங்கதி. எங்கள் நகல் பிரிவில் அமர்ந்திருந்த பழைய எழுத்தர்களை நினைத்துக்கொண்டேன்.

நம் சேலத்துக்கு வருகிறேன். 1882இல் நம் ஊரிலும் ஒரு கலவரம் நடந்தது. கூட்டத்தைத் தூண்டினார் என்று நகராட்சி உறுப்பினராக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் மீது வழக்கு வந்து, தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். பின்னாளில் 1920இல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. வூஸ்டரில் கூட்டத்தின் முன் நடந்தவரின் அன்றைய மனநிலையை அவர் வாயாலேயே நான் கேட்டுவிட்டேன். சேலத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி நான் படித்ததெல்லாம் பிறர் எழுதியதுதான். ராஜாஜி இவ்வூரில் வழக்கறிஞராக இருந்து 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குப் பின் வந்த மூன்று தலைமுறை வழக்கறிஞர்கள், நகராட்சியிலும் சட்டமன்றத்திலும் கட்சி அலுவலகங்களிலும் இருந்தவர்கள், என்ன கண்டார்கள், எங்கே தவறினார்கள் என்பது அவர்களோடு மயானத்துக்குப் போயிருக்கிறது.

என் சீனியர் அப்படிப்பட்டவர். அவருடைய பெயரை அவர் குடும்பத்தாரின் பொருட்டுத் தவிர்க்கிறேன். இரண்டு முறை நகராட்சி உறுப்பினராக இருந்தவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாள் தவறாமல் டைரி எழுதியவர். அவர் காலமான மறு ஆண்டு வீட்டை இடித்துக் கட்டும்போது, டைரிகளும் வழக்குக் கட்டுகளும் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. செய்தி தெரிந்து நான் ஓடியபோது கடைக்காரர் மிச்சமிருந்த ஒரே டைரியைக் காசு வாங்காமல் கொடுத்தார். அது 1967ஆம் ஆண்டுடையது. முக்கால்வாசியும் வாய்தாத் தேதிகள், குமாஸ்தாவுக்குக் கொடுத்த முன்பணம், மழைக் கணக்கு. நடுவே ஒரு பக்கத்தில் மட்டும், அன்றைய கூட்டத்தில் ஒரு சாலை ஒப்பந்தத்துக்குத் தம் மனச்சாட்சிக்கு விரோதமாகக் கை தூக்கியதாகவும், இரவு தூக்கம் வரவில்லை என்றும் நான்கு வரிகள் எழுதியிருக்கிறார். அவரிடம் ஒன்பது ஆண்டுகள் ஜூனியராக இருந்தும் அவர் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

கட்டுரையாளர் சேலத்துக்கு வந்தால் அந்தப் பக்கத்தையும் ஹோரின் இரண்டு பாகங்களையும் காட்டச் சித்தமாயிருக்கிறேன். தங்கள் நாளிதழ் விரும்பினால், இம்மாவட்டத்தில் பொதுவாழ்வில் இருந்து எண்பதைக் கடந்த வழக்கறிஞர்கள் சிலரைச் சந்தித்து அவர்கள் சொல்வதை எழுதியெடுக்கும் வேலையில் நானும் உடன் வருகிறேன். மழைக்காலத்தில் மலைப்பாதையில் போக்குவரத்து தடைபடும் என்பதால், ஐப்பசிக்கு முன் தொடங்குவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.